காமெட்டா, நுண்கருவா, வெங்காய வேரா? மாசு தொட்ட டி.என்.ஏ.வைப் பார்க்க எந்தச் சோதனை

மார்கழி பிறந்தால் விலங்கியல் முதுகலை மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் கவலையும் கூடவே பிறந்துவிடும். ஆற்றுத் தண்ணீரை கேனில் பிடித்து வைத்திருப்பார்கள், மீனுக்கும் ஆள் சொல்லியிருப்பார்கள். "காமெட் பண்ணட்டுமா மேடம், மைக்ரோநியூக்ளியஸ் பண்ணட்டுமா?" என்று வந்து நிற்பார்கள். இரண்டுமே மாசால் டி.என்.ஏ.வுக்கு ஏற்பட்ட சேதத்தைப் பார்க்கும் சோதனைகள்; மைக்ரோநியூக்ளியஸ் என்பதுதான் நுண்கரு. இப்போதெல்லாம் மாணவர்கள் மட்டுமல்ல, ஊர்க் குளத்தில் சாயக் கழிவு கலக்கிறது என்று சந்தேகப்படும் விவசாயிகளும், கடலோரத்தில் வேலை செய்யும் தன்னார்வலர்களும் இதையே கேட்கிறார்கள்.

நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மீனைப் பிடித்து எவ்வளவு நேரம் ஆகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. கையில் என்ன கருவி இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

டி.என்.ஏ. சேதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பவை பல. இழை அறுந்து போகலாம். டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களில் (base) ஒன்று ஆக்சிஜனேற்றம் அடையலாம். வெளியிலிருந்து வந்த வேதிப்பொருள் காரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். டி.என்.ஏ.வும் புரதமும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளலாம். செல் பிரியும்போது ஒரு முழு குரோமோசோமே வழிதவறி வெளியே நின்றுவிடலாம். எந்தச் சோதனையும் இவை எல்லாவற்றையும் பார்க்காது. ஆகவே எந்த வகைச் சேதம் என்பது முதல் அளவுகோல்.

இரண்டாவது காலம். செல் சும்மா இருப்பதில்லை, அறுந்ததை ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒற்றை இழை முறிவுகளில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே சரியாகிவிடும். ஆனால் செல் பிரிதலின்போது தொலைந்த குரோமோசோம் துண்டு திரும்பி வராது. அதனால் ஒரு சோதனை இன்று காலை நடந்ததைக் காட்டும், இன்னொன்று போன வாரம் நடந்ததைக் காட்டும்.

மூன்றாவது உயிரி. மீன் முதுகெலும்பி என்பதால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். குழு கூடுவதற்கே சில கல்லூரிகளில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். வெங்காயத்துக்கு அனுமதி தேவையில்லை.

நான்காவது ஆய்வகமும் ஆளும். ஒளிரும் சாயத்தைப் பார்க்கும் ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இருக்கிறதா, மின்சாரம் நிற்குமா, பொறுமையாக உட்கார்ந்து எண்ண ஆள் உண்டா?

## காமெட் சோதனை

செல்லை அகரோஸ் ஜெல்லில் கலந்து ஸ்லைடின் மேல் பரப்புவார்கள். உப்பும் டிடர்ஜென்ட்டும் கலந்த கரைசலில் வைத்தால் செல்லின் சவ்வும் புரதங்களும் கரைந்து டி.என்.ஏ. மட்டும் சுருளாக நிற்கும். மின்சாரம் செலுத்தினால் அறுந்த துண்டுகள் நேர்மின்முனையை நோக்கி இழுபடும். சாயமேற்றிப் பார்த்தால் தலையும் வாலுமாக வால்மீன் போலவே தெரியும். வால் நீளமாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் முறிவு அதிகம்.

சுவீடனில் ஆஸ்ட்லிங்கும் யோஹான்சனும் 1984-இல் இதைச் செய்து காட்டினார்கள். 1988-இல் நரேந்திர சிங்கும் சக ஆய்வாளர்களும் பி.எச். 13-க்கு மேற்பட்ட காரக் கரைசலில் நடத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது இந்தக் கார முறைதான். ஒற்றை இழை முறிவுகள் வரை இதில் தெரியும்.

இதன் பெரிய பலம், செல் பிரிய வேண்டிய அவசியமே இல்லை. கரு உள்ள எந்தச் செல்லும் போதும்: மீனின் ரத்தம், செவுள், கல்லீரல், மட்டியின் உடல்திரவம், மண்புழுவின் உடற்குழிச் செல். மீன் ரத்தம் ஒரு சொட்டுக்கும் குறைவாகவே வேண்டும், மீனும் பிழைத்துக்கொள்ளும். ஆக்சிஜனேற்றம் அடைந்த காரங்களை வெட்டும் நொதியை இடையில் சேர்த்தால் அந்த வகைச் சேதத்தையும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், முதலில் நேரத்தில். ஆற்றங்கரையிலிருந்து ஆய்வகம் வரை ரத்தம் குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் வர வேண்டும். எங்கள் மாணவர்கள் ஒரு சித்திரை மாதம் ஐஸ் கரைந்துபோன பெட்டியில் இரண்டு மணி நேரம் ரத்தத்தைச் சுமந்து வந்தார்கள். அன்றைய ஸ்லைடுகளில் சுத்தமான குளத்து மீனுக்கும் ஆற்று மீனுக்கும் ஒரே நீள வால். நாங்கள் அளந்தது மாசை அல்ல, வெயிலை. மூன்று வார வேலை போயிற்று.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஆற்றில் பிடித்த மீனைத் தொட்டியில் விட்டு, "பழகட்டும்" என்று பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்து காமெட் செய்வார்கள். அதற்குள் செல்கள் தங்கள் முறிவுகளை ஒட்டிவிட்டிருக்கும். கடைசியில் அவர்கள் சோதிப்பது ஆற்றை அல்ல, தங்கள் தொட்டியை. காமெட் என்றால் பிடித்த இடத்திலேயே ரத்தம் எடுக்க வேண்டும்.

அடுத்து கருவி. குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸ் விலை அதிகம். ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பின் மெர்க்குரி விளக்கு சில நூறு மணி நேரத்தில் ஆயுள் முடிந்துவிடும். சாயமாகப் பயன்படும் எத்திடியம் புரோமைடே டி.என்.ஏ.வில் புகுந்து உட்காரும் பொருள், அதைத் தொடக் கையுறை வேண்டும், கழிவைத் தனியாக அகற்ற வேண்டும். பாதி ஓட்டத்தில் கரண்ட் போனால் அந்தத் தொகுதி முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ளூரசன்ஸ் இல்லாதவர்களுக்கு வெள்ளி நைட்ரேட் சாயம் ஒரு வழி. சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்து, வால் நீளத்தைப் பொறுத்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடலாம். 100 செல் எண்ணினால் மொத்தம் 0-க்கும் 400-க்கும் நடுவில் ஓர் எண் வரும். பழகிய கண்ணுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

இனி நான் எப்போதும் அழுத்திச் சொல்வது. எல்லா மாசும் வாலை நீட்டாது. ஆறு இணைதிறன் குரோமியம், ஃபார்மால்டிஹைடு போன்றவை டி.என்.ஏ.வையும் புரதத்தையும் பிணைத்துவிடக்கூடியவை. பிணைந்த டி.என்.ஏ. மின்சாரத்தில் நகராது. சேதம் அதிகமாக இருக்கும்போதே வால் குட்டையாகத் தெரியும். ராணிப்பேட்டையில் 2 லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்து நீரில் வளர்ந்த மீனை வெறும் காமெட் மட்டும் வைத்துப் பார்த்து "பாதிப்பில்லை" என்று எழுதினால், அது அங்கே குடியிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம். ஸ்லைடுகளில் ஒரு பாதிக்குப் புரோட்டினேஸ் கே என்ற நொதியைக் கொடுத்துப் பிணைந்த புரதத்தைக் கரைத்துவிட்டு, இரண்டு பாதியையும் ஒப்பிட வேண்டும். அது முடியாவிட்டால் வேறு சோதனைக்குப் போக வேண்டும்.

செத்துக்கொண்டிருக்கும் செல்லும் பெரிய வாலைக் காட்டும் என்பதால், செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று டிரைபான் நீலம் போட்டு முதலில் பார்த்துவிடுங்கள்.

## நுண்கரு சோதனை

செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு குரோமோசோம் துண்டோ முழு குரோமோசோமோ இரு பக்கமும் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிட்டால், அதைச் சுற்றித் தனியாக ஒரு சவ்வு உருவாகி, பெரிய கருவுக்குப் பக்கத்தில் சின்னக் கருவாக உட்கார்ந்துவிடும். அதுதான் நுண்கரு. குரோமோசோமை உடைக்கும் பொருளையும் செல் பிரிதலைக் குலைக்கும் பொருளையும் சேர்த்தே காட்டும் என்பது இதன் சிறப்பு.

பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் கரு இல்லை, மீனின் சிவப்பணுவில் உண்டு. வாலோரம் உள்ள ரத்தக் குழாயிலிருந்து சிறிது ரத்தம், ஸ்லைடில் ஒரு தேய்ப்பு, மெத்தனாலில் பத்து நிமிடம், அப்புறம் ஜீம்சா சாயம். செலவு அவ்வளவுதான். இந்த ஸ்லைடை ஆற்றங்கரையிலேயே தேய்த்துக் காயவைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு பேருந்தில் வரலாம். காமெட்டில் இது கனவிலும் நடக்காது.

எண்ணும்போதுதான் கஷ்டம் தெரியும். நுண்கரு, பெரிய கருவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறியதாக இருக்க வேண்டும். கருவோடு ஒட்டியிருக்கக் கூடாது. அதே நிறத்தில், அதே ஃபோகஸில் தெரிய வேண்டும். ஜீம்சா படிவுத் துகள் கிட்டத்தட்ட இதே போலத்தான் இருக்கும். ஃபைன் ஃபோகஸைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். துகளாக இருந்தால் மேலே மினுங்கும், நுண்கரு கருவோடு சேர்ந்தே மங்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபட ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்து எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நேரச் செலவையும் போட்டுப் பாருங்கள். நான்கு இடங்கள், இடத்துக்கு 10 மீன், மீனுக்கு 2000 செல் என்றால் 80,000 செல்கள். மீன்களில் இயல்பாகவே நுண்கரு மிகக் குறைவு, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு தேறுவதே அரிது. அதனால் 500 செல்லோடு நிறுத்தினால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. எண்ணுபவருக்கு எது எந்த இடத்து மீன் என்று தெரியக் கூடாது. ஸ்லைடுக்கு வேறொருவர் குறியீடு போட்டு, பட்டியலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீன் தேர்வும் முக்கியம். சாதாக் கெண்டைக்குச் சுமார் 100 குரோமோசோம்கள், எல்லாம் பொடிப் பொடி. குறவை மீனுக்கு 32 மட்டும், பெரியவை. பெரிய குரோமோசோமிலிருந்து வரும் நுண்கரு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆற்றிலும் குளத்திலும் இரண்டு இடத்திலும் கிடைத்தால் குறவையையே எடுங்கள்.

ஒப்பிடுவதற்கான சுத்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருடம் அவசரத்தில் சந்தையிலிருந்து உயிர் மீன் வாங்கி "கண்ட்ரோல்" என்று வைத்தோம். ஆற்று மீனைவிட அதில்தான் நுண்கரு அதிகம். எந்தக் குளத்தில் வளர்ந்தது, என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்க வழியே இல்லை. அன்றிலிருந்து மூலம் தெரியாத மீனைக் கண்ட்ரோலாக வைப்பதில்லை.

இதன் வரம்பு: செல் பிரிந்தால்தான் நுண்கரு உருவாகும். மீனில் சிவப்பணு பிறப்பது முக்கியமாகத் தலைப்பக்கச் சிறுநீரகத்தில். அங்கே சேதமடைந்த செல் பிரிந்து ரத்தத்துக்கு வர சில நாள் ஆகும். நேற்று கொட்டிய கழிவை இன்று நுண்கருவில் தேடினால் கிடைக்காது.

## வெங்காய வேர்ச் சோதனை

இதை எளியது என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அது வருத்தம். வெங்காய வேரில் வேதிப்பொருளின் விளைவைப் பார்க்கலாம் என்று லெவான் என்ற ஆய்வாளர் 1938-இல் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளை வைத்துக் காட்டினார். 1985-இல் ஃபிஸ்கெஸ்யோ அதைச் சுற்றுச்சூழல் சோதனைக்கான முறையாக வடிவமைத்தார். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள்தான், அதுவும் நல்ல பெரியவை. நம் சின்ன வெங்காயமும் அதே இனம்தான்.

காய்ந்த தோலை உரித்து, அடியில் உள்ள பழைய வேரைப் பிளேடால் சுரண்டிவிட்டு, கண்ணாடி டம்ளரில் சோதிக்க வேண்டிய நீரை ஊற்றி, அடிப்பாகம் மட்டும் நனைய வைக்கவும். 24 மணிக்கு ஒருமுறை நீரை மாற்றவும். இரண்டு மூன்று நாளில் வேர் இரண்டு சென்டிமீட்டர் வரும். காலை வேளையில் நுனியை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்ததில் போட்டு, அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோ ஆர்சின் சாயம் இட்டு, கவர் ஸ்லிப்பின் மேல் ஊசியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் செல்கள் ஓரடுக்காகப் பரவும். பிரிந்துபோகும் இரண்டு குரோமோசோம் கூட்டங்களுக்கு நடுவே நூல் போல ஒரு பாலம், தனியாக நிற்கும் துண்டு, பின்தங்கிய குரோமோசோம், எல்லாவற்றையும் கல்லூரி மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கலாம்.

ஆனால் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுப் பக்கத்து நீருக்கு இதை வைப்பவர்கள் ஒரு பொறியில் விழுகிறார்கள். சாயக் கழிவில் உப்பு ஏராளம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது, பிறகு சாயக் கழிவு தேங்கும் இடமானது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு விஷயம் போயிற்று. அப்படிப்பட்ட நீரில் வேர் வளராமல் போனால் அதற்குச் சாயம் காரணமா, உப்பு காரணமா? குழாய்த் தண்ணீரை மட்டும் கண்ட்ரோலாக வைத்தால் பதில் தெரியாது. அதே மின்கடத்துதிறன் வரும்வரை உப்பைக் கரைத்த நீரில் இன்னொரு வரிசை வெங்காயம் வையுங்கள். இந்த ஒரு வரிசை இல்லாத அறிக்கையை எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் தள்ளிவிடும்.

வாங்கும் வெங்காயத்திலும் கவனம் வேண்டும். முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு கொடுத்த வெங்காயம் சோதனைக்கு உதவாது. விவசாயியிடம் நேரடியாக வாங்குவது நல்லது.

இன்னொரு வரம்பு, சில மாசுகள் நேராக டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. பென்சோ பைரீன் போன்றவை விலங்கின் கல்லீரல் நொதிகளால் மாற்றப்பட்ட பிறகே டி.என்.ஏ.வின் குவானின் என்ற காரத்தில் போய் ஒட்டும். வெங்காயத்துக்கு அப்படியொரு கல்லீரல் இல்லை. எண்ணெய்க் கசிவு, புகை, தார் என்றால் வெங்காயம் குறைவாகவே சொல்லும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | காமெட் | மீன் நுண்கரு | வெங்காய வேர் |
|---|---|---|---|
| காட்டுவது | இழை முறிவு | குரோமோசோம் துண்டும் இழப்பும் | குரோமோசோம் பிறழ்வு, செல் பிரிதல் குறைவு |
| எப்போது நடந்த சேதம் | சில மணி நேரத்துக்குள் | சில நாள் முதல் வாரங்கள் | சோதனை நடக்கும் நாட்கள் |
| மாதிரியைக் கொண்டுவருவது | குளிரில், இருட்டில், உடனே | காய்ந்த ஸ்லைடாக எளிதில் | தண்ணீர் மட்டும் போதும் |
| நெறிமுறை அனுமதி | மீன் என்றால் தேவை | தேவை | தேவையில்லை |
| பணச் செலவு | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| கண்ணுக்கு வேலை | மிதம் | மிக அதிகம் | அதிகம் |
| ஏமாற்றும் இடம் | குரோமியம், செத்த செல், வெயில் | எண்ணிக்கை போதாமை, சாயத் துகள் | உப்பு, கல்லீரல் தேவைப்படும் மாசு |

டி.என்.ஏ.வில் ஒட்டிய வேதிப்பொருளையே நேராக அளக்கும் வழியும் உண்டு. கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 கொண்டு செய்வது பழைய முறை. அதன் அரை ஆயுள் சுமார் 14 நாள், வாங்கியதை உடனே பயன்படுத்த வேண்டும், கதிரியக்கத்துக்கான அனுமதியும் பாதுகாப்பும் வேறு. இன்று நிறை நிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) அந்த வேலையைச் செய்கிறது. பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து செய்யலாம், கல்லூரி தனியாக இறங்க வேண்டாம். ஏம்ஸ் சோதனை பாக்டீரியாவில் நடப்பது. தண்ணீருக்குச் சடுதிமாற்றம் உண்டாக்கும் குணம் இருக்கிறதா என்று சொல்லும், அந்த ஆற்றில் வாழும் உயிருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாது.

## உங்கள் இடத்தில் நான் இருந்தால்

*சாயக் கழிவு சந்தேகம், சிறிய கல்லூரி, பணம் இல்லை.* வெங்காயத்தில் தொடங்குவேன், உப்புக் கண்ட்ரோலோடு. அனுமதி கிடைத்ததும் அதே இடத்துக் குறவையில் நுண்கரு. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் அது வலுவான சான்று.

*எண்ணூர் போன்ற எண்ணெய்க் கசிவு.* 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோதும் கடலோரமும் கழிமுகமும் கறுத்துப் போயின. இங்கே காமெட்தான் முதல் தேர்வு. பச்சை மட்டி இடம்விட்டு நகராது, அதனால் "இந்த மீன் எங்கிருந்து வந்ததோ" என்ற கேள்வியே எழாது. மூடுதசையிலிருந்து ஊசியால் திரவம் எடுத்து அங்கேயே ஐஸில் வைக்க வேண்டும். முதல் வாரத்தில் காமெட், சில வாரம் கழித்து அதே பாறையில் செவுள் செல்களில் நுண்கரு. கசிவுக்கு முந்தைய அளவு யாரிடமும் இருக்காது, எனவே எண்ணெய் எட்டாத ஒரு கரையிலும் அதே நாளில் மட்டி எடுத்துவிட வேண்டும்.

*தோல் பதனிடும் கழிவு, குரோமியம்.* நுண்கரு. காமெட் செய்தே ஆக வேண்டுமென்றால் புரோட்டினேஸ் கே வரிசையோடு.

*மண்.* மண்புழுவில் காமெட். புழுவைக் கொல்லாமல் உடற்குழிச் செல்லை வெளியேற்றி எடுக்க முறை இருக்கிறது.

*மருந்து தெளிக்கும் தொழிலாளர்கள், பெட்ரோல் பங்க் ஊழியர்கள்.* ஊசி குத்த வேண்டாம், உட்கன்னத்தை மரக் குச்சியால் மெல்ல வழித்தெடுத்த செல்களில் நுண்கரு பார்க்கலாம். ஜீம்சா இங்கே வேண்டாம், கெரட்டின் துகள்களும் சாயம் ஏறி ஏமாற்றும். ஃபியூல்ஜன் சாயம் பயன்படுத்துங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் ஆய்வே வீண், ஏனென்றால் பாக்கும் புகையிலையும் தனியாகவே இந்த எண்ணிக்கையை ஏற்றிவிடும். மனித நெறிமுறைக் குழு அனுமதியும் அவர்களின் சம்மதமும் முதலில்.

## மீன் பிடித்துக் கொடுப்பவர் கேட்கும் கேள்வி

ஒவ்வொரு முறையும் வலை போட்டுக் கொடுப்பவர் கடைசியில் இதைத்தான் கேட்பார்: "அப்போ இந்த மீனைச் சாப்பிடலாமாம்மா?" மேலே சொன்ன எந்தச் சோதனையும் இதற்குப் பதில் சொல்லாது. மீனின் ரத்தத்தில் நுண்கரு இருப்பது அந்த மீன் துன்பப்பட்டதைச் சொல்கிறது, அதன் சதையில் எவ்வளவு குரோமியம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. சாப்பிடலாமா என்று தெரிய வேண்டுமானால் சதையைத் தனியாக அனுப்பி உலோக அளவும் எண்ணெய் வகைச் சேர்மங்களின் அளவும் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் இருக்கிறதா என்று ப்ராஜெக்ட் தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று மீன்களின் சதையையாவது உறைநிலையில் எடுத்து வையுங்கள்.